மீன் பொருந்திய தண்ணீர்

எங்கள் ஊர் சேந்தமங்கலம் பக்கம். வாசலில் கட்டில் போட்டுப் படுத்தால் கால்மாட்டில் கொல்லிமலை நிற்கும். மழைக்காலத்தில் சாயங்காலம் ஆனால் பாட்டி அந்தப் பக்கம் ஒரு பார்வை பார்ப்பாள். "கொல்லி மேல கருப்புக் கட்டுது, எருமையைப் புடிச்சுக் கட்டுடா" என்பாள். பல நாள் எங்களுக்கு ஒரு சொட்டும் விழாது. மலை முழுவதையும் வாங்கி வைத்துக்கொள்ளும். அவ்வளவு மழையும் எங்கே போகிறது என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். "அது சாமிக்குப் போவுது" என்று சொல்லிவிட்டுப் பாட்டி விளக்கை ஏற்றப் போய்விடுவாள். அது முழுப் பதில்தான் என்று புரிய எனக்கு முப்பது வருஷம் ஆயிற்று.

மலையுச்சியில் விழுகிற மழைக்கு மூன்று முக்கியமான வழிகள் உண்டு. வடகிழக்குச் சரிவில் விழுந்தது சுவேத நதியாகிறது. தம்மம்பட்டி, வீரகனூர் என்று சேலம் மாவட்டத்தின் கிழக்கு மூலையில் ஓடி, வசிஷ்ட நதியோடு சேர்ந்து வெள்ளாறாகி, பரங்கிப்பேட்டையில் கடலைப் பார்க்கிறது. தெற்கே இறங்குவது கரைபோட்டானாறு. நாமக்கல் சமவெளியைக் கடந்து காவிரிக்குப் போகிறது. நடுவில், மலையின் உள்வயிற்றில், வளப்பூர் நாட்டுப் பக்கம் சேர்கிற தண்ணீர்தான் ஐயாறு. ஐந்து ஓடைகள் கூடுவதால் அந்தப் பெயர் என்கிறார்கள். உச்சியில் ஒரு கை அகலத்தில் அடுத்தடுத்து விழுந்த இரண்டு துளிகளில் ஒன்று பரங்கிப்பேட்டை மீனவர் வலைக்கும் இன்னொன்று காவிரிக் கரை வாழைக்கும் போய்ச் சேரலாம். இந்தக் கட்டுரை ஐயாற்றுத் துளியைப் பற்றியது.

ஐப்பசி மாதம், அடைமழை விட்டு நான்கைந்து நாள் கழித்துப் போனேன். காரவள்ளிச் சோதனைச் சாவடியைத் தாண்டியதும் வளைவுகள் தொடங்கும். மொத்தம் 70 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றுக்கும் கல்லில் எண் எழுதியிருக்கும். இருபதைத் தாண்டினால் காது அடைக்கும், நாற்பதில் காற்று மாறும், அறுபதுக்கு மேல் மேகம் பேருந்துக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். சோளக்காட்டில் இறங்கி, சந்தை வாசலில் மலை வாழைப்பழம் நான்கு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, அறப்பளீஸ்வரர் கோயில் போகும் பேருந்துக்குக் காத்திருந்தேன்.

மழை விட்டு நான்கு நாளாகியும் சாலையோரச் சரிவுகளில் தண்ணீர் கசிந்துகொண்டே இருந்தது. அருவிக்குக் கூட்டமாகப் போகிறவர்கள் பலர் கவனிக்காத இடம் இது. எனக்கு அருவியை விட இந்தக் கசிவுதான் பெரிய விஷயமாகத் தோன்றுகிறது. அடியில் சார்னோகைட் என்கிற கெட்டியான கருங்கல். அதில் தண்ணீர் இறங்காது. மேலே செம்மண்ணும், சில முகடுகளில் பாக்சைட் படிந்த தொப்பி போன்ற மண்ணும். அது பஞ்சு மாதிரி. பெய்கிறபோது குடித்து வைத்துக்கொண்டு, பிறகு வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது. அந்தப் பாக்சைட்டை மேட்டூர் அலுமினிய ஆலைக்காகப் பல வருஷம் வெட்டி எடுத்தார்கள். வெட்டிய முகடுகளில் பஞ்சு போனது, கல் மிஞ்சியது. அருவியின் ஆயுள் பாறை விளிம்பில் தொடங்கவில்லை, இந்த மண்ணில் தொடங்குகிறது. மண்ணை எடுத்துவிட்டு அருவியை மட்டும் வைத்துக்கொள்ள முடியாது.

கசிந்த தண்ணீர் முதலில் சேர்வது பள்ளத்து வயல்களில். மலைமேல் நெல் விளைகிறது என்பதே கீழே பலருக்குத் தெரியாது. இரண்டு மேடுகளுக்கு நடுவே பள்ளத்தில் படிப்படியாக வரப்புக் கட்டி நெல் போட்டிருக்கிறார்கள். மேல் வயலின் வடிநீர் கீழ் வயலுக்கு, அங்கிருந்து ஓடைக்கு. மேட்டுக்காட்டில் ஒரு காலத்தில் சாமை, தினை, கேழ்வரகு. சாமையில் மட்டும் கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, பெருஞ்சாமை என்று ரகம் ரகமாக வைத்திருந்தார்கள். இப்போது அந்த மேடுகளில் பெரும்பாலும் மரவள்ளிக் கிழங்கு. அதற்குக் காரணம் கீழே சேலத்தில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் வெளிநாட்டிலிருந்து மாவும் ஜவ்வரிசியும் வருவது நின்றபோது, 1943 வாக்கில் சேலத்தில் மரவள்ளியிலிருந்து ஜவ்வரிசி செய்யத் தொடங்கினார்கள். ஆலைகள் பெருகின. 1981-இல் உற்பத்தியாளர்களுக்கென்று சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கமே வந்தது. நாம் பாயசத்தில் போடுகிற ஜவ்வரிசியில் கொல்லிமலைச் சரிவின் கிழங்கும் உண்டு. காசு தருகிற பயிர், குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஆனால் கிழங்கு பிடுங்கும்போது மண்ணைக் கிளற வேண்டும், அடுத்த மழையில் அந்த மண் ஓடைக்குப் போகும். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-களிலிருந்து இங்கே சாமையைத் திரும்பக் கொண்டுவரப் பாடுபட்டதைத் தானியக் கதையாகத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அது தண்ணீர்க் கதையாகவும் படுகிறது.

கோயில் இருக்கும் பெரியகோவிலூரில் இறங்கியபோது மணி பதினொன்று. கோயிலுக்குக் கீழே ஐயாறு. அகலம் அதிகமில்லை, முழங்கால் ஆழம், அடியில் கிடக்கிற கூழாங்கல் வரை தெரிகிற தெளிவு. கரையில் ஒரு பாட்டி சாக்கு விரித்துப் பொரிப் பொட்டலம் வைத்திருந்தார். நான் நேராகக் கோயில் படியில் கால் வைக்கப் போனேன்.

"கண்ணு, முதல்ல மீனுக்குப் போட்டுட்டு அப்புறமா உள்ள போ. இங்க அதுங்கதான் மூத்த சாமி."

இரண்டு பொட்டலம் வாங்கினேன். ஒரு பிடி எறிந்ததும் தண்ணீர் கொதித்தது. கல் நிறத்தில் கிடந்ததெல்லாம் மீன் என்று அப்போதுதான் தெரிந்தது. முதுகு கருத்து, வயிறு வெளுத்து, ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டு, பயமே இல்லாமல் என் கால் விரல்களுக்கு இடையில் வாய் வைத்தன. மனுஷன் என்றால் ஆபத்து என்று இந்த மீன்களின் அம்மாக்கள் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

பாட்டி கதையைச் சொன்னார். எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பாரோ, சலிப்பே இல்லை. முன்னொரு காலத்தில் யாரோ வழிப்போக்கர்கள் இந்த ஆற்றில் மீன் பிடித்தார்கள். செதில் தட்டி, துண்டு துண்டாக அறுத்து, சட்டியில் போட்டுக் கொதிக்க வைத்தார்கள். மூடியைத் திறந்தால், அறுபட்ட துண்டுகள் ஒன்றோடொன்று பொருந்தி, முழு மீனாகி, சட்டியிலிருந்து குதித்து ஆற்றுக்கே போய்விட்டன. அதுவும் சாமிதான் என்று அப்போது புரிந்தது. அன்றிலிருந்து இந்த மடுவில் யாரும் தூண்டில் போடுவதில்லை. "இன்னும் பாருங்க, சிலதுக்கு முதுகுல கோடு தெரியும். பொருந்தின தழும்பு" என்றார். நான் குனிந்து பார்த்தேன். ஒரு மீனுக்குக் குறுக்கே வெளிறிய கோடு இருந்தது. கல்லில் உரசியதாக இருக்கலாம். பாட்டி காட்டிய பிறகு எனக்கு அது வேறாகத் தெரியவில்லை.

கோயிலுக்குள் இருக்கும் கதையிலும் தழும்புதான். உழுதுகொண்டிருந்த ஒருவரின் ஏர்க்கொழு எதிலோ முட்டியது, ரத்தம் வந்தது, தோண்டிப் பார்த்தால் லிங்கம். உச்சியில் அந்த வடு இன்னும் இருப்பதாகச் சொல்லித் தீபம் காட்டுகிறார்கள். தேவாரத்தில் 'அறைப்பள்ளி' என்று பெயர் மட்டும் குறிப்பிடப்படுகிற வைப்புத்தலம் இது. பின்னால் அம்பலவாணக் கவிராயர் இந்தச் சாமி பேரில்தான் அறப்பளீசுர சதகம் பாடினார். ஒரு காலத்தில் திண்ணைப் பள்ளிகளில் பிள்ளைகள் மனப்பாடம் செய்த நூல். இரண்டு கதைகளையும் சேர்த்து வைத்துப் பார்க்கிறேன். ஒன்றில் ஆற்றை அறுத்தவர்கள், இன்னொன்றில் மண்ணை அறுத்தவர். வெட்டினால் ரத்தம் வரும், ஆனால் விட்டால் பொருந்தும் என்று இந்த மலை இரண்டு முறை சொல்லி வைத்திருக்கிறது. வனத்துறையின் பலகை வருவதற்குப் பல நூறு வருஷம் முன்னால், ஒரு மடுவையும் அதன் மீனையும் ஒரு சட்டிக் கதை காப்பாற்றியிருக்கிறது. இதைவிடப் பெரிய சட்டம் எதையும் நான் இந்த மலையில் பார்க்கவில்லை.

கோயிலுக்கு எதிரே படிகள் தொடங்குகின்றன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள். இறங்கும்போது முழங்கால் நடுங்கும், ஏறும்போது நெஞ்சு அடைக்கும். முகப்பில் ஒரு அக்கா முடவாட்டுக்கால் சூப் விற்கிறார். பாறையிலும் மரத்திலும் ஒட்டி வளர்கிற ஒரு பெரணியின் கிழங்கு அது. பழுப்பு மயிர் போர்த்தி ஆட்டுக்கால் மாதிரியே இருக்கும். அக்கா கத்தியால் அந்த மயிரைச் சுரண்டினார், உள்ளே இளம்பச்சை. தட்டிக் கொதிக்க வைத்து, மிளகு, சீரகம், பூண்டு. மிளகு இந்த மலையின் மிளகு, நாக்கில் வைத்ததும் காது வரை போகிறது. "ஏறி வந்ததும் ஒண்ணு குடிங்கண்ணா, முட்டிவலி தெரியாது" என்றார். அந்தக் கிழங்கும் இதே ஈரத்தை நம்பித்தான் வாழ்கிறது. பாறை காய்ந்தால் அதுவும் இல்லை.

பாதி தூரம் இறங்கும்போதே சத்தம் வந்துவிடும். முதலில் காற்று மாதிரி, பிறகு லாரி மாதிரி, கடைசி வளைவில் பேச்சு கேட்காது. மேலே கோயில் மடுவில் முழங்காலளவு சாதுவாக ஓடிய அதே தண்ணீர், இங்கே சுமார் 300 அடி உயரத்திலிருந்து ஒரே தாவாகத் தாவுகிறது. ஆகாய கங்கை என்று பெயர் வைத்தவர்கள் கீழே நின்று பார்த்துத்தான் வைத்திருக்க வேண்டும். ஏனென்றால் கீழே நிற்கும்போது ஆறு தெரியாது, மலை தெரியாது, வானத்திலிருந்து தண்ணீர் வருவது மட்டும் தெரியும். நடுவழியில் காற்று அதைக் கலைத்துப் புகையாக்குகிறது. இருபது முப்பது அடி தள்ளி நிற்கும்போதே சட்டை நனைந்துவிட்டது. பாறையில் கை வைத்தேன், பாறை அதிர்ந்தது. என்னால் அங்கே எதையும் யோசிக்க முடியவில்லை. பக்கத்தில் ஒரு குடும்பம், கைக்குழந்தையோடு. அப்பாக்காரர் உள்ளங்கையில் சாரலை ஏந்திக் குழந்தையின் உச்சியில் வைத்தார். குழந்தை அழவில்லை, அண்ணாந்து பார்த்தது.

இந்த அருவிக்குப் பின்னால் காட்டுக்குள் கோரக்கர், காலாங்கிநாதர் குகைகள் இருப்பதாகச் சொல்லி வழி காட்டுகிறார்கள். சித்தர்களைத் தேடி அமாவாசைக்கு ஆட்கள் போகிறார்கள். எனக்கு அதைவிட மனசில் நிற்பது கொல்லிப்பாவை. மலையைக் காக்கத் தெய்வத்தச்சன் செய்து வைத்த பெண்ணுருவம். அழிக்க வருகிறவர்களைச் சிரித்து மயக்கிக் கொன்றுவிடும். மலைமேல் எட்டுக்கை அம்மன் கோயிலைக் காட்டி, இவள்தான் அவள் என்கிறார்கள். நற்றிணையின் 201-ஆம் பாட்டில் பரணர், பலா மரங்கள் செறிந்த கொல்லியின் மேற்குப் பக்கத்தில், வெள்ளை அருவி விழுகிற இடத்தில் அந்தப் பாவையை நிறுத்துகிறார். காற்று மோதினாலும் மழை அடித்தாலும் இடி விழுந்தாலும் நிலமே நடுங்கினாலும் அவள் அழகு மாறாது என்கிறார். அருவியும் பலாவும் பாவையும் ஒரே மூச்சில் வருகின்றன. ஆகாய கங்கை விழுவது கிழக்கே, பரணர் சொல்வது மேற்கே. அப்படியானால் அவர் கண்ட அருவி எங்கள் ஊர்ப் பக்கம் விழுந்தது. இன்று எங்கள் பக்கச் சரிவுகளில் மழைக்கு மட்டும் வெள்ளிக் கோடுகள் தெரிந்து மறைகின்றன. அவற்றில் ஏதோ ஒன்றின் கீழே அவள் நின்றிருக்கிறாள் என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

அந்தப் பாவை காத்த மலையை ஓரி ஆண்டான். ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று ஐந்தையும் துளைத்ததைப் புறநானூற்று 152-ஆம் பாட்டில் வன்பரணர் பாடியிருக்கிறார். அவ்வளவு வில்லாளனையும் மலையமான் திருமுடிக்காரி கொன்று, மலையைச் சேரருக்குக் கொடுத்தான். செம்மேட்டில் ஓரிக்குச் சிலை இருக்கிறது. ஆடி 17, 18-இல் அரசு விழா எடுக்கிறது. அதே ஆடிப் பதினெட்டில் சமவெளி சனம் திரண்டு வந்து ஐயாற்றில் முழுகி, மீனுக்குப் பொரி போட்டு, அறப்பளீஸ்வரரைக் கும்பிடும். கீழே காவிரிக் கரை முழுக்க அன்றைக்குத்தான் பெண்கள் புதுத் தாலிக்கயிறு மாற்றிக்கொண்டு ஆற்றுக்குக் காதோலை கருகமணி விடுகிறார்கள். ஒரே தண்ணீருக்கு மேலும் கீழும் ஒரே நாளில் கும்பிடு. இது தற்செயலாக அமைந்தது என்று என்னால் நம்ப முடியவில்லை.

மலைமேல் வாழும் மலையாளிப் பழங்குடியினர் தங்களைக் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்கிறார்கள். அண்ணன் தம்பி மூவர், ஆளுக்கொரு மலை. சேர்வராயன், பச்சைமலை, கொல்லி என்று மூன்றையும் உறவாக்கிவிடுகிற கதை. ஊர்களை 'நாடு' என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு, சேலூர் நாடு, குண்டூர் நாடு என்று நீளும். அருவிக்கு வருகிற நமக்கு அது பார்க்கும் இடம். அவர்களுக்கு அது தங்கள் வயலின் வடிகால். இந்த வேறுபாட்டை மறக்கும்போதுதான் தப்பு நடக்கிறது. ஓடைகளை மறித்து 20 மெகாவாட் மின்சாரம் எடுக்க அரசு ஒரு நீர்மின் திட்டம் போட்டபோது, அருவிக்குத் தண்ணீர் மிஞ்சுமா என்று மலைக்காரர்கள் கேட்டார்கள். அந்தக் கேள்வி சுற்றுலாவைப் பற்றியதல்ல. மீன் மடுவையும் பள்ளத்து வயலையும் பாறையில் ஒட்டிய கிழங்கையும் பற்றியது.

திரும்ப ஏறினேன். எங்கெங்கோ உட்கார்ந்து, படிகளை எண்ணிப் பார்த்து எண்ணிக்கை தவறி, மேலே வந்தபோது சூப் அக்கா சிரித்துக்கொண்டே டம்ளரை நீட்டினார். இரண்டு குடித்தேன்.

அருவிக்குக் கீழே தண்ணீர் என்ன ஆகிறது என்று பார்க்காமல் என் பயணம் முடியாது. காட்டு வழியாக இறங்க வனத்துறை அனுமதி வேண்டும். அதனால் மறுநாள் நாமக்கல் போய், துறையூர் வழியாகச் சுற்றிக்கொண்டு புளியஞ்சோலைக்குப் போனேன். திருச்சி மாவட்டம், மலையின் கிழக்கு அடிவாரம். அருவியில் அடிபட்ட தண்ணீர் இங்கே உருண்டைப் பாறைகளுக்கு நடுவே மூச்சு வாங்கிக்கொண்டு வருகிறது. இங்கிருந்து வயல், வாய்க்கால், ஏரி என்று இறங்கி, மணல் அகலத்தில் மெலிந்து, மழை பெய்தால் ஆறாகவும் பெய்யாவிட்டால் வெறும் தடமாகவும் ஓடி, திருச்சிக்கு மேற்கே காவிரியோடு சேர்ந்துவிடும். அதன் பிறகு அதற்கு ஐயாறு என்ற பெயர் இல்லை.

புளியஞ்சோலையில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம். பாறை மேல் அடுப்பு மூட்டிச் சமைத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பையன்கள் துண்டைத் தண்ணீருக்குள் விரித்துப் பிடித்து மீன்குஞ்சு வாரிக்கொண்டிருந்தார்கள். ஒரு பாட்டிலில் ஐந்தாறு குஞ்சுகள் சுற்றிச் சுற்றி வந்தன.

"இது எங்கிருந்து வர்ற தண்ணி தெரியுமா தம்பி?"

"மேல அருவியில இருந்துண்ணா."

"அருவிக்கு மேல?"

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அருவிக்கு மேலே என்று ஒன்று இருக்கும் என்று அவர்களுக்குத் தோன்றியதில்லை. பாட்டியின் கதை அந்த 300 அடியைத் தாண்டி விழவில்லை. மேலே மூத்த சாமி, கீழே வெறும் மீன். நடுவில் ஒரு பாறை விளிம்பு.

துண்டு காயட்டும் என்று பையன்கள் பாறையில் உட்கார்ந்தார்கள். சட்டியையும் அறுத்த துண்டுகளையும் பொருந்தின தழும்பையும் பற்றிப் பாட்டி சொன்னபடியே சொன்னேன். சின்னவன் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து ஒவ்வொரு குஞ்சின் முதுகையும் பார்த்தான். பையில் கை விட்டேன். மேலே வாங்கியதில் ஒரு பொட்டலம் பிரிக்காமல் இருந்தது, சாரலில் கொஞ்சம் நமத்திருந்தது. அவனிடம் கொடுத்தேன். அவன் ஒரு பிடி எடுத்து, பெரியவனுக்கு ஒரு பிடி கொடுத்து, இரண்டு பேரும் பாறை ஓரத்தில் குந்தித் தண்ணீரில் போட்டார்கள். முதலில் ஒன்றும் வரவில்லை. பொரி மிதந்து கொஞ்ச தூரம் போனது. பிறகு ஒரு கல்லின் நிழலிலிருந்து ஒன்று, அதன் பின்னால் இரண்டு.

"அண்ணா, கோடு இருக்கு!" என்று கத்தினான்.